ஐந்தாம் நம்பர் முதுகு

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டது. கிளவுஸ் துவைத்து மாடியில் போட்டாயிற்று. வலது பெருவிரலில் தையல் மறுபடி விட்டிருக்கிறது. இந்த வயதில் இன்னும் பந்து பிடித்துக்கொண்டு என்று மாலதி ஆரம்பித்தாள், கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. முழுவதும் கேட்கவில்லை. எனக்கே மனப்பாடம்.

மேட்ச் 0–2. இரண்டு கோலும் கார்னரில் இருந்து. டிவிஷனில் கடைசிக்கு முந்தின இடம். இன்னும் இரண்டு மேட்ச் பாக்கி.

ஆனால் நோட்டை எடுத்தது அதற்காக இல்லை.

கிரேஸ் கிரவுண்டுக்கு வந்திருந்தார். டேவியின் மனைவி. அவன் போன பிறகு முதல் தடவை. கிளப் மலரில் போட அவன் போட்டோ வேண்டும் என்று சாமுவேல் சார் கேட்டிருக்கிறார். கொடுக்க வந்தவர், மேட்ச் ஆரம்பித்துவிட்டதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் கோல் போஸ்டுக்குப் பின்னால். எனக்குத் தெரியாது. கீப்பர் பின்னால் திரும்பிப் பார்ப்பது பந்து வலைக்குள் போன பிறகுதான்.

ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே ஓரத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது. கத்தினேன், வழக்கம்போல.

"டேவி!"

முன்னால் இருந்து பதில், வழக்கம்போல.

"கீறேன்."

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். பந்து வெளியே போனதும் திரும்பினேன். கிரேஸ். தண்ணீர் பாட்டில் கீழே உருண்டு கிடக்கிறது. எடுக்கவில்லை. என்னைத் தாண்டி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். கீப்பர் கூப்பிட்டால் அவனுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிற ஸ்டாப்பர் பதில் சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்காமல். டேவி போட்ட சட்டம்; இருக்கிறேன் என்பது அவன் வாயில் கீறேன். "நீ கூப்டா கீறேன்னு சொல்வேன். சொல்லலன்னா நான் அங்க இல்லன்னு அர்த்தம். நீ வெளிய வந்துரு." வெளியே என்றால் கோல் லைனை விட்டு வெளியே. அவன் இல்லாத இடத்தை நான் போய் அடைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஆடினோம். அவன் இல்லாமல் போனது அபூர்வம்.

போன வருஷத்துக்கு முந்தின மழையில் டெங்கு. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த செவ்வாய் அடக்கம்.

அதன் பிறகு நடந்த முதல் மேட்சில் "டேவி" என்றுதான் கூப்பிட்டேன். வாய்ப் பழக்கம். பதில் இல்லை. கோல். அடுத்த மேட்சிலும் அதே வாய், அதே பெயர். புதிதாக இறங்கியிருந்த ஸ்டாப்பர் குமரேசன், கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன், கொஞ்சம் பொறுத்து "கீறேன்" என்றான். கோல் விழவில்லை. அவ்வளவுதான். நான் திருத்தவில்லை. அவன் கேட்கவில்லை. டீமில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு சீசன் ஓடிவிட்டது.

மேட்ச் முடிந்து கிரேஸிடம் போய் நின்றேன். மன்னிப்பு மாதிரி ஏதோ தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அடுத்த மேட்ச் என்றைக்கு அண்ணா?


அக்டோபர் 6, திங்கள்

முதல் ஷிப்ட். மறைமலை நகர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கம். இடுப்பில் நேற்று விழுந்த அடி.

சாமுவேல் சார் போன். அவர் கிளப்பின் செயலாளர், கோச், ஜெர்சி துவைப்பவர், எல்லாம் அவரே. ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார். மலருக்குக் கிளப்பின் பழைய கதையை அவர் எழுதிக்கொள்வாராம், சமீப வரலாறு மட்டும் நான் எழுத வேண்டுமாம். "நீதாம்பா எல்லாத்தையும் பின்னாடி நின்னு பாத்தவன்." இப்படிச் சொல்லித்தான் என்னைப் பதினேழு வயதில் கோல் போஸ்டில் நிறுத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் குறித்தது:

– கடப்பேரி காம்ரேட்ஸ், எங்கள் கிளப். ரயில்வே லைன் ஓரத்து கிரவுண்ட் கைவிட்டுப் போனது. வேலி போட்டார்கள். இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

– வெள்ளம். கிளப் ரூமில் இடுப்பளவு தண்ணீர். கோப்பைகள் மிதந்து போயின. ஒன்று முடிச்சூரில் ஒரு வீட்டு மாடிப்படியில் கிடைத்தது. அந்த அம்மாள் அதில் துளசி நட்டிருந்தார். திருப்பிக் கேட்க டேவிக்கு மனசு வரவில்லை.

– கொரோனா. மேட்ச் இல்லை. அவரவர் மொட்டை மாடியில் தனித்தனியாகப் பந்து தட்டினோம்.

– வண்டலூர் பக்கம் வாடகை கிரவுண்ட். மேட்சுக்கு ஒரு கவரில் கொஞ்சம் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெட்ரோலுக்குக் காணும். அரை புரொபஷனல் என்பார் சா. சார். எந்த அரை என்று கேட்பான் டேவி.

– மேல் டிவிஷனுக்கு ஏறியது. கடைசி மேட்ச், கடைசி கார்னர், டேவியின் தலை.

– பிறகு

இங்கே நின்றுவிட்டது. சைரன் அடித்தார்கள், உள்ளே போய்விட்டேன்.


அக்டோபர் 8, புதன்

பயிற்சி. கிரவுண்ட் வண்டலூர் ஜூவின் பின்பக்கத்துக்கு அதிக தூரமில்லை. வெயில் தாழ்ந்தால் சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். வெளி டீம்காரர்கள் முதல் தடவை கேட்டு பந்தை விட்டுவிடுவார்கள். அதிலேயே ஒரு கோல் போட்டிருக்கிறோம். டேவி அந்தச் சிங்கத்தைப் பன்னிரண்டாவது ஆள் என்று டீமில் சேர்த்திருந்தான்.

இன்று குமரேசன் உம்மென்று இருந்தான். கூப்பிட்டால் பதில் மட்டும் வந்தது.

ஒரு விஷயம் யோசித்தேன். எனக்கு டேவியின் முகம் சரியாக ஞாபகம் வருவதில்லை. முதுகு வருகிறது. ஐந்தாம் நம்பர், ஐந்தின் தலை உரிந்துபோன ஜெர்சி. கழுத்தை இடப்பக்கம் சாய்த்து ஓடுகிற ஓட்டம். கீப்பருக்கு ஸ்டாப்பர் என்றால் ஒரு முதுகும் ஒரு குரலும்தான்.

அந்த ஜெர்சியைத்தான் குமரேசன் போடுகிறான். புதிது வாங்க வேண்டாம், நல்லாத்தான் இருக்கிறது என்று சா. சார் சொல்லிவிட்டார். அதே முதுகு, அதே பதில். எனக்கு எதுவும் மாறவில்லை. இதை வெளியில் சொன்னால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.


அக்டோபர் 12, ஞாயிறு

ஜெயித்தோம். 1–0. ஜெயிக்கிற மேட்ச் இல்லை, எதிர் டீம் பெனால்டியைப் போஸ்டில் அடித்தது. கடைசி மேட்சில் டிரா செய்தால் டிவிஷனில் தங்குவோம். தோற்றால் கீழே, கீழே போனால் கவரும் இல்லை, ஆட வருவதற்கு ஆளும் இல்லை. கிளப் அத்தோடு சரி.

கிரேஸ் வந்தார். நேராக என் போஸ்டுக்குப் பின்னால் நாற்காலி. ஆஃப் டைமில் நாங்கள் பக்கம் மாறினோம். அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முழு மைதானத்தையும் சுற்றி நடந்து இந்தப் பக்கம் வந்து போட்டுக்கொண்டார். டீமே பார்த்தது.

ஒவ்வொரு தடவை நான் கூப்பிடும்போதும் முதுகு கூசியது. கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. சில தடவை தேவையில்லாமலே கூப்பிட்டேன். அவருக்காகத்தான். அது எவ்வளவு அசிங்கம் என்று வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தோன்றியது.

மோட்டார் ரிப்பேர். தண்ணி லாரிக்குச் சொல்ல வேண்டும்.


அக்டோபர் 14, செவ்வாய்

பயிற்சி முடிந்து வண்டலூர் கேட் டீக்கடை. குமரேசன் தன் டெலிவரிப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாயங்காலம் முழுக்கச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே."

சொல்லு என்றேன்.

"கடைசி மேட்ச் பாக்க எங்கம்மா வர்து. இதுவரிக்கும் வந்ததே இல்ல. என் பேர் சொல்லிக் கூப்டுண்ணா."

அம்மா கோவளத்தில் மீன் விற்கிறார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, இவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே. இறந்தவர் பெயரில் யாராவது கூப்பிட்டால் பதில் கொடுக்கக்கூடாது, திரும்பக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். பிள்ளை இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அந்தப் பதிலைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் அந்த அம்மாள் அங்கேயே விழுந்துவிடுவார் என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் ஏண்டா பதில் சொன்ன?"

டீயை ஊதிக்கொண்டே இருந்தான்.

"மொத மேட்ச்ல நான் வெளிய பெஞ்ச்ல உக்காந்துகினு இருந்தேன். நீ கூப்டுகினே இருந்த. ஒருத்தரும் பதில் குடுக்கல. கேக்க முடியலண்ணா. அதான் அடுத்த மேட்ச்ல சொல்ட்டேன். பயந்துகினுதான் சொன்னேன். இப்பவும் பயந்துகினுதான் சொல்றேன்."

இத்தனை நாள் நான் ஒரு தடவைகூட அவனைக் கேட்கவில்லை. அவன் பெயரையே கிரவுண்டில் நான் சொன்னதில்லை. நல்ல ஸ்டாப்பர் அவன். டேவியைவிட வேகம். இதை இன்றுதான் முதல் தடவை நினைக்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை அவன்.


அக்டோபர் 17, வெள்ளி

கிரேஸ் வீட்டுக்குப் போனேன், சேலையூர். சொல்லாமல் அந்த மேட்சில் பெயரை மாற்றினால் அது அவருக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். கணக்கு டீச்சர். மேஜை மேல் பேப்பர் கட்டு.

சுவரில் டேவியின் படம், கீழே சின்ன சீரியல் பல்பு. பார்த்ததும் ஒரு நிமிஷம் யாரோ மாதிரி இருந்தது. மூக்கு இவ்வளவு நீளமா என்று நினைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

குமரேசன் சொன்னதைச் சொன்னேன். அவன் அம்மா வருவதையும். கிரேஸ் டம்ளரை மேஜையில் வைத்து, அதன் அடியில் ஈரத்தைத் துடைத்து, திரும்ப வைத்தார். அந்தப் பையன் கேட்டது நியாயம்தான், அவனைப் பயமுறுத்திக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேனே என்றார். அந்தப் பெயரைக் கேட்கத்தானே வருகிறீர்கள், அதை நிறுத்துகிறேன் என்று வந்து சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றேன்.

"பேரை நானே கூப்பிட்டுக்கலாம் அண்ணா. வீட்ல தினமும்தான் கூப்பிடுறேன். பதில் வருதுல்ல, அங்க. அதுக்குத்தான் வந்தேன்."

காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரை வந்தார். கடைசி மேட்சுக்கு வரலாமா என்று கேட்டார். வராதீர்கள் என்று சொல்ல நான் யார். வாருங்கள் என்றேன்.

திரும்பும்போது கேம்ப் ரோட்டில் டிராஃபிக். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்கிறது. ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டு வந்தேன்.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். மாலதி செய்த முறுக்கு கல். சொல்லவில்லை. பல் ஆடுகிறது.

பயிற்சிக்காக மாடிக்குப் போய் "குமரேசா!" என்று கத்திப் பார்த்தேன். "டே" என்று திறந்த வாயை "கு" என்று குவிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பந்து உள்ளே போய்விடும். பத்து தடவை கத்தியிருப்பேன். கீழ் வீட்டு ஆள் படியேறி வந்து, யார் சார் குமரேசன், குழந்தை காணாமல் போய்விட்டதா, தேடட்டுமா என்று கேட்டார். பட்டாசுச் சத்தத்தில் தொலைந்துவிட்டான் என்று நினைத்தாராம்.

மாலதி சிரித்தே சாய்ந்தாள். பிறகு துணி மடித்துக்கொண்டே சொன்னாள், அடுத்த மாசம் கல்லறைத் திருநாள் வருகிறது, இந்த வருஷமாவது போய்விட்டு வாருங்கள். போன வருஷம் ஷிப்ட் என்று சொன்னேன். ஷிப்ட் இல்லை. அவளுக்குத் தெரியும்.

அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போகவேயில்லை. போக வேண்டிய அவசியம் என்ன? ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டால் பதில் வருகிறது.


அக்டோபர் 23, வியாழன்

விடாத மழை. பெருங்களத்தூர் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பயிற்சி ரத்து. திருநீர்மலை இருக்கிற திசையே தெரியவில்லை.

இன்று வேலையில் ஒன்று. பிரஸ் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. நான் கேஜ் வைத்துத் தட்டுகளை அளந்துகொண்டிருந்தேன். ஒரு தட்டு கை நழுவியது. வாய்க்குள்ளேயே "டேவி" என்றேன். பின்னால் "கீறேன்" என்று கேட்டது. தெளிவாக. திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பின்னால் இருக்கிற ஆள் இல்லையே, எப்போதும் முன்னால் இருக்கிறவன் என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு நல்ல தட்டுகளை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்றார். மழை என்றேன்.

சா. சாருக்கு எழுதித் தர வேண்டியது அப்படியே இருக்கிறது. "பிறகு" என்று எழுதி அடித்து, "அதன் பின்" என்று எழுதி, அதையும் அடித்தேன்.


அக்டோபர் 26, ஞாயிறு

கையெழுத்து கோணலாக வரும். இடது கையால் எழுதுகிறேன், வலது மணிக்கட்டில் கட்டு.

வானம் மூடியே இருந்தது, பெய்யவில்லை. கிரவுண்ட் சேறு. கிரேஸ் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் குமரேசன் அம்மா, கன்னியம்மா, கையில் தூக்குப் பாத்திரத்துடன் வந்து சேர்ந்தார். ஆட்டோ கிடைக்காமல் பஸ் மாறி மாறி வந்தாராம். உட்கார இடம் தேடியவருக்குக் கிரேஸ் எழுந்து போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து தன் பக்கத்தில் போட்டார். என் போஸ்டுக்குப் பின்னால். இரண்டு பேரும்.

குமரேசன் என்னைப் பார்த்தான். தலையசைத்தேன்.

முதல் கிராஸ் வந்தது. வாயைக் குவித்துச் சரியாகத்தான் கூப்பிட்டேன்.

"குமரேசா!"

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. பதில் இல்லை என்றால் அவன் அங்கே இல்லை. சட்டப்படி லைனை விட்டு வெளியே பாய்ந்தேன். அவன் அங்கேதான் இருந்தான். பாவி, சரியான இடத்தில் நின்றிருந்தான். இரண்டு பேரும் மோதிக்கொண்டு சேற்றில் விழுந்தோம். காலியான கோலுக்குள் பந்து நடந்து போவதுபோல் போனது. மணிக்கட்டு அப்போது மடிந்ததுதான்.

கேட்கவில்லையாடா என்றேன். அவன் முகத்தில் சேறு. "கேட்டுச்சுண்ணா. என்னத்தான்னு தோணல."

இரண்டு வருஷமாக அந்த மைதானத்தில் அவனுக்கு வேறு பெயர். சொந்தப் பெயரில் கூப்பிட்டதும் யாரையோ என்று நின்றுவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படிப் பழக்கிவிட்டது நான்.

0–1. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு பந்து, மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அவன் கல் மாதிரி. அப்போது பின்னால் இருந்து ஒரு குரல். மீன் மார்க்கெட்டில் பழகிய குரல், மைதானம் முழுக்கக் கேட்டது.

"டேய் குமரேசா! அந்தண்ணன் தொண்ட கிழியக் கூப்புடுறாரு, வாயில இன்னா வச்சிக்கினு கீற?"

"கீறேம்மா!" என்றான்.

ரெஃப்ரி சிரித்துவிட்டார். எதிர் டீம் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. "குமரேசா." "கீறேன்." அந்தப் பதில் அவன் குரலில் இருந்தது. கொஞ்சம் கட்டைக் குரல், முடிவில் லேசாக உயரும். டேவிக்கு அப்படி இருக்காது. இதைக்கூட இன்றுதான் கேட்டேன்.

பின்னால் கிரேஸை ஒரு தடவைதான் பார்த்தேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா, வேறா, தெரியவில்லை. ஆஃப் டைமில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கன்னியம்மா பேசிக்கொண்டே வந்தார். கிரேஸ் கேட்டுக்கொண்டே வந்தார்.

நாங்கள் சமன் செய்தது அழகான கோல் இல்லை. சேற்றில் நின்ற பந்தை யாரோ காலை நீட்டித் தள்ளினார்கள். 1–1.

கடைசியில் அவர்களுக்கு ஒரு கார்னர். அது உள்ளே போனால் கிளப் முடிந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. பந்து மேலே வந்தது. வாயைத் திறந்தேன். எந்தப் பெயர் வரப்போகிறது என்று எனக்கே தெரியாது, சத்தியமாக. நான் கூப்பிடுவதற்கு முன்பே முன்னால் இருந்து, "கீறேன்."

கூப்பிடாமலே சொன்னான். லைனிலேயே நின்றேன். அவன் எகிறித் தலையால் வெளியே அடித்தான்.

விசில். டிரா. தங்கிவிட்டோம். சா. சார் சேற்றில் உட்கார்ந்துவிட்டார், தூக்கிவிட இரண்டு பேர். தூக்கில் வஞ்சிர வறுவல். எனக்குத் தலைத் துண்டு கொடுத்தார் கன்னியம்மா. நல்லா கூப்டுறீங்க தம்பி, ஆனா இவனுக்கு சின்ன வயசுல இருந்தே காது மந்தம் என்றார். ஆமாம் என்றேன்.

கிரேஸ் நாற்காலியை அடுக்கில் வைத்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள், வருவீர்களா அண்ணா என்றார். வருகிறேன் என்றேன்.


அக்டோபர் 28, செவ்வாய்

லீவு. எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை. பத்து மாதிரி ஏதோ பூசிக் கட்டியிருக்கிறார்கள், நாற்றம்.

ஜெயித்த மாதிரி எல்லோரும் குரூப்பில் படம் போடுகிறார்கள். எனக்கு என்னவோ மேட்சில் எதையோ தொலைத்துவிட்டு வந்த மாதிரி. கிளப் பிழைத்துவிட்டது, குமரேசனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, நல்லதுதான் எல்லாம். டேவி எங்கே நிற்கிறான் இப்போது? அவன் இடத்தில் ஆள் இருக்கிறது. அவனைக் கூப்பிட யாரும் இல்லை.


நவம்பர் 2, ஞாயிறு

தூறல். மாலதி மெழுகுவத்திக் கட்டை மேஜையில் எடுத்து வைத்திருந்தாள். குடையும் வைத்திருந்தாள்.

தெருமுனையில் குமரேசன் பைக்கோடு நின்றான். நானும் வருகிறேன் என்றான். எதற்கு என்றேன். "அவர் சட்டையத்தான போட்டுகினு கீறேன். ஒரு தபா பாத்துட்டு வரேன்." மணிக்கட்டு இப்படி இருக்க நான் வண்டி ஓட்ட முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கல்லறைத் தோட்ட வாசலில் கூட்டம், சாமந்தி மாலை, ஊதுவத்தி, பலூன்காரன்கூட. உள்ளே குடும்பம் குடும்பமாக. தேடத் தெரியாமல் நின்றேன். கிரேஸ்தான் கை காட்டினார். புதிதாக வெள்ளை அடித்த கல். கறுப்பு எழுத்தில் பெயர். முழுப் பெயர் போட்டிருந்தது. டேவிட் சுந்தர்ராஜ். சுந்தர்ராஜ் என்பது எனக்குப் புதிது மாதிரி இருந்தது.

மெழுகுவத்திகளை வரிசையாக வைத்தோம். நான் கால்மாட்டில், கிரேஸ் வலப்பக்கம், குமரேசன் இடப்பக்கம். கிரேஸ் ஜெபம் சொன்னார். சின்னக் குரல். நான் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் உறைக்கவில்லை. வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்த மாதிரிதான் நின்றேன்.

காற்று அடித்தது. இடப்பக்க மெழுகுவத்திகள் சாய்ந்தன.

"டேவி, லெஃப்ட்!"

மேட்சில் நான் கத்துகிற குரல், துளி குறையாமல். அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் பாட்டு நின்றது. திரும்பிப் பார்த்தார்கள்.

குமரேசனைத்தான் கூப்பிட்டேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி.

அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன். மூடிக்கொண்டதையும் பார்த்தேன். குனிந்து இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டான். நிமிரவே இல்லை.

கிரேஸ் ஜெபத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருந்தார். என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. காது கொடுத்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். குடை மேல் தூறல். தூரத்தில் ஏதோ எலெக்ட்ரிக் டிரெயின் பிரேக் போட்டு நின்று, பிறகு கிளம்பிப் போனது.

பதில் வரவில்லை. சட்டப்படி, அவன் அங்கே இல்லை.

டேவி செத்துப் போய்விட்டான். இரண்டு வருஷமாயிற்று. இன்றுதான் எனக்குத் தெரிகிறது. சேற்று நிலத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன், சின்னப் பையன் மாதிரி, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு. யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

மெழுகுவத்தி பாதிக்கு மேல் எரிந்திருக்கும். கிரேஸ் என் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"வாங்கண்ணா. வெளிய போலாம்."

வந்தேன்.